உளுந்து வெடிக்கிற பதம்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் நல்ல பனி. மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். என் மூக்கைத் துளைத்தது. கடை திறக்கும்போதே ஏழு தும்மல்.

இன்றைய வேலை:
– வாரிசுச் சான்று, இரண்டு.
– கிரயப் பத்திரம், பன்னிரண்டு பக்கம். எழுத்தரின் கையெழுத்து கோழி கிளறிய குப்பை.
– பிறப்புச் சான்று, பாஸ்போர்ட்டுக்கு. குழந்தையின் பெயர் மூன்று தாளில் மூன்று விதம். சரிசெய்துகொண்டு வரச் சொல்லித் திருப்பினேன். திட்டிக்கொண்டே போனார்கள்.
– டோனர் தீரப்போகிறது. சொல்ல வேண்டும்.

எதிர் டீக்கடையில் புதுப் பலகை. 'சுவையாண தேநீர்'. மூன்று சுழி. சொன்னால் கோபித்துக்கொள்வார் என்று தெரியும். சொன்னேன். கோபித்துக்கொண்டார்.

மதியம் சம்பத் போன். கண்டாச்சிபுரத்தில் எங்கள் நிலத்தைப் பார்ப்பது என் தம்பிதான். உளுந்து பிடுங்க ஆள் இல்லை என்று ஒரே புலம்பல். "காய் வெடிக்கிற பதத்துல நிக்குதுக்கா. ரெண்டு நாள் இதே மாதிரி வெயில் அடிச்சா வெடிச்சி மண்ணுல பூடும். ஒரு மேஸ்திரியும் போன எடுக்கமாட்டேன்றான்."

ஏன் என்று கேட்டேன். மயிலம் பக்கம் ஏழுமலை என்று ஒரு மேஸ்திரி, ஊர் ஊராகக் கூலிக்கு ஆள் சேர்த்து அனுப்புகிறவர். போனில் பேசியதற்காகப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம். ஏதோ பெரிய கேஸாம். அதிலிருந்து எந்த மேஸ்திரிக்கும் போன் என்றாலே பயம்.

சரி, வைக்கிறேன் என்றேன். வைத்த பிறகும் கை போனிலேயே இருந்தது.

சாயங்காலம் சாதம் குழைந்துவிட்டது. வீட்டுக்காரர் மோர் ஊற்றிச் சாப்பிட்டார்.

மார்ச் 4, புதன்

இதை எழுதக் கூடாது. யாரிடமும் சொல்லமாட்டேன், எங்கும் குறித்துவைக்கமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவள் நான். ஆனால் எழுதாவிட்டால் மண்டைக்குள்ளேயே ஓடுகிறது. இந்த நோட்டை என்னைத் தவிர யார் பார்க்கப்போகிறார்கள்.

தி.வனம் கோர்ட் எதிரில் என் கடை. மொழிபெயர்ப்பு, தட்டச்சு, நகல். பதினெட்டு வருஷம். மூன்று வருஷமாக வி.புரத்தில் ஓர் அலுவலகமும் கூப்பிடுகிறது. தீவிரவாத வழக்குகளைப் பார்க்கும் பிரிவு. ஜன்னல் இல்லாத அறை. என் போன் வாசலிலேயே தங்கும். ஹெட்போனில் ஒலிப்பதிவைக் கேட்டு, இடப்பக்கம் தமிழில் எழுதி, வலப்பக்கம் ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். கடைசியில் 'உண்மையான, சரியான மொழிபெயர்ப்பு' என்று எழுதி என் வட்ட முத்திரை. கோப்பு டெல்லி வரை போகும்.

பிப்ரவரியில் அப்படி ஒரு பதிவு. ஒரு பக்கம் ஜெயபால், கண்டமங்கலம் அருகே குத்தகைக்குப் பயிர் வைத்தவர். இன்னொரு பக்கம் ஏழுமலை. இப்போது கண்ணை மூடினாலும் கேட்கிறது.

"காய் ரெடி. ரெண்டு நாள் வெயில் அடிச்சா வெடிச்சிரும். அதுக்குள்ள ஆளு வரணும்."
"எத்தினி ஆளு?"
"இருவது. பொம்பள ஆளா இருந்தா தேவல."
"ரோட்டு மேல போடறதா?"
"வேணாம். போன தபா போலீசு வந்து சத்தம் போட்டாங்க. நேரா களத்துக்கு வந்துடு."

எல்லாம் உளுந்து. முற்றிய காய் வெயிலில் வெடித்துச் சிதறுவதற்குள் பிடுங்க வேண்டும். பிடுங்குவது பெண்கள். பிடுங்கிய செடியைத் தார் ரோட்டில் பரப்பினால் லாரி ஏறி ஏறித் தானே அடிபட்டுவிடும். அதற்குத்தான் போலீஸ் சத்தம் போடுகிறது. ரோடு வேண்டாம் என்றால் களத்தில் போட்டு அடிக்க வேண்டும்.

நான் அடித்தது: சரக்கு தயார். இரண்டு நாளில் 'எக்ஸ்ப்ளோட்' ஆகும். இருபது பேர் வேண்டும், பெண்களாக இருந்தால் நல்லது. சாலையில் வேண்டாம், முன்பு போலீஸ் தொந்தரவு. நேராகக் 'கிரவுண்ட்'டுக்கு வா.

உளுந்து என்ற சொல் அந்தப் பேச்சில் எங்குமே இல்லை. எப்படி இருக்கும்? இந்த மாதத்தில் காய் என்றால் உளுந்துதான். சம்பத் என்னிடம் பயிர் பெயரைச் சொல்லியா பேசுகிறான்? இடப்பக்கத் தமிழைப் படித்தாலும் 'வெடிச்சிரும்' என்றுதான் இருக்கும். பட்டணத்தில் வளர்ந்தவருக்கு அது வேறென்ன?

நான் பட்டணத்தில் வளரவில்லை. அதுதான் விஷயம்.

மார்ச் 5, வியாழன்

வி.புரம் போனேன். அவர்கள் கூப்பிடவில்லை, நானாகத்தான். பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் போனில், "ஜல்தியா வாடா, பொண்ணு வூட்டாரு வந்து குந்திக்கினு கீறாங்க." இதை எப்படி மொழிபெயர்ப்பார்கள் என்று யோசித்தேன். இனி எந்தப் பேச்சைக் கேட்டாலும் இப்படித்தான்போல.

இன்ஸ்பெக்டர் தாமோதரன் நல்ல மனிதர். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. நான் போனால் எழுந்து நாற்காலி போடுவார். பிப்ரவரிப் பதிவில் ஒரு சொல்லைத் திருத்த வேண்டும், அதனால் எல்லாமே மாறும் என்று சொல்லி, விளக்கினேன். கடைசிவரை கேட்டார். அவருக்கு ஊர் வடசென்னை. உளுந்தை வடையில் பார்த்தவர். அவர்மேல் குற்றமில்லை.

நான் அடித்த அந்தப் பக்கத்தை வைத்துத்தான் வழக்குத் தொடர மேலே அனுமதி வாங்கியிருக்கிறார்களாம். அவர்கள் உண்மையில் தேடுவது ஜெயபாலின் தம்பியை. அவன் இன்னும் சிக்கவில்லை. தம்பி அறையில் எடுத்த பொருள்களின் பட்டியலை மொழிபெயர்த்ததும் நான்தானே என்று நினைவுபடுத்தினார். ஆமாம். அது பொய்ப் பட்டியல் இல்லை. நிஜமான வெடிமருந்து அதில் இருந்தது. தம்பி அண்ணனின் போனைத்தான் வாங்கிப் பேசிவந்தான். அதனால்தான் அந்த எண்ணையே கேட்க ஆரம்பித்தார்கள்.

பிறகு அவர் ஒன்று சொன்னார். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு சந்தையில் குண்டு வெடித்த இடத்துக்கு அனுப்பினார்களாம். அவருக்குக் கொடுத்த வேலை செருப்புகளைப் பொறுக்குவது. ஜோடி சேர்த்து வைக்கச் சொன்னார்கள். பாதிக்கு ஜோடி கிடைக்கவில்லை.

"தப்பா ஒருத்தன உள்ள வெச்சா, பின்னால வெளிய விட்டுக்கலாம்மா. தப்பா ஒருத்தன வெளிய விட்டுட்டா நான் திரும்பச் செருப்பு பொறுக்கணும்."

தி.வனம் பஸ் ஸ்டாண்டில் தினமும் நிற்பவள்தானே நானும்.

திருத்தத்தை எழுதிக் கொடுங்கள், மேலே அனுப்புகிறேன் என்றார். அங்கேயே எழுதிக் கொடுத்தேன். வாங்கி, மேஜையில் பித்தளை யானைக்கு அடியில் வைத்தார். ஒரு டீ வரவழைத்துக் கொடுத்தார்.

வழியில் டோனர் வாங்க மறந்துவிட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

தலைக்குக் குளித்தேன். சளி இன்னும் கூடியது.

நேற்று முன்தினம் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். அதில் ஒன்றை விட்டிருக்கிறேன். இங்கேயும் விட்டால் நான் எதற்கு எழுதுகிறேன்.

அந்தப் பதிவில் இன்னொரு வாக்கியம் உண்டு. 'வெடிச்சிரும்' என்பதற்கு அடுத்தது. "பாதி இன்னும் பச்சையா கீது, அத்த உட்டுடலாம்." காற்றுச் சத்தம் கொஞ்சம் இருந்தது. ஆனால் கேட்டது. நன்றாகக் கேட்டது. பாதிக் காய் பச்சையாக இருக்கிறது என்றால் அது என்ன காய் என்று கண்டாச்சிபுரத்துக்காரிக்குத் தெரியாதா?

அதற்கு நேரே நான் எழுதியது: 'தெளிவில்லை'.

ஏன்? தாளின் தலைப்பிலேயே 'வெடிபொருள் குறித்த உரையாடல்' என்று போட்டுத்தான் கொடுத்தார்கள். முதல் வரியிலிருந்தே அதற்கு ஏற்பக் கேட்டுக்கொண்டு போனேன். பச்சை என்றதும் இடித்தது. நிறுத்தினேன். தலைப்பைப் பார்த்தேன். இத்தனை பெரிய அதிகாரிகளுக்குத் தெரியாததா என்று நினைத்தேன். நாலு மணி பஸ்ஸும் நினைவுக்கு வந்தது. 'தெளிவில்லை' என்று அடித்தேன், பஸ்ஸைப் பிடித்தேன்.

நேற்று இன்ஸ்பெக்டரிடம் கொடுத்த திருத்தத்திலும் இதை எழுதவில்லை. சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டேன் என்று மட்டும் எழுதினேன். பதினெட்டு வருஷத்தில் ஒரு தாள் திரும்பி வந்ததில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவள். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 9, திங்கள்

டோனர் வந்தது. தவறான மாடல். திருப்பி அனுப்பினேன்.

பதினோரு மணிக்கு ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். கையில் மஞ்சள் பை, பிளாஸ்டிக் உறைக்குள் தாள்கள். வக்கீல் அனுப்பினாராம். ஜாமீன் மனுவோடு இணைக்க அவளுடைய பிரமாணப் பத்திரம், தமிழில். ஆங்கிலம் வேண்டும். 16-ஆம் தேதி சென்னையில் விசாரணை.

முதல் வரி: 'மயிலம் அஞ்சல், ஏழுமலை மனைவி அஞ்சலை ஆகிய நான்.'

தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது.

எடுக்கக் கூடாது. ஒரே வழக்கில் இரண்டு பக்கத்துக்கும் வேலை செய்யக் கூடாது. ஆனால் ஏன் முடியாது என்று சொன்னால் அந்தப் பக்கத்துக்கு வேலை செய்தேன் என்று ஆகிவிடும். அதைச் சொல்வதே குற்றம். நேரமில்லை என்று சொல்லலாம். சொன்னால் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடைக்குப் போவாள்.

பத்திரம் வழக்கமான பத்திரம். ஏழைக் குடும்பம், இரண்டு பிள்ளைகள், கணவர் நிரபராதி, அன்றைய தினம் விவசாய வேலை சம்பந்தமாக மட்டுமே பேசினார். வக்கீல் குமாஸ்தாவின் தமிழ். அவள் எதிரில் உட்கார்ந்து தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். அவர் போனில் என்ன பேசினார் என்று போலீஸ் இன்றுவரை அவளுக்கோ வக்கீலுக்கோ சொல்லவில்லையாம். கேட்டால் ரகசியமாம். மூடிய உறையில் ஜட்ஜிடம் மட்டும் காட்டுவார்களாம்.

"இன்னா பேசினாருன்னு சொன்னாத்தான மேடம் இல்லன்னோ ஆமான்னோ சொல்ல முடியும்? அந்த ஜெயபாலு போன் பண்ணப்ப அவரு சாப்பிட்டுக்கினு இருந்தாரு. கை எச்சின்னு ஸ்பீக்கர் போட்டாரு. நான் பக்கத்துலதான் கொழம்பு ஊத்திக்கினு இருந்தேன். உளுந்து புடுங்கத்தான் ஆளு கேட்டாங்க. காய் வெடிச்சிரும், பாதி பச்சையா கீதுன்னாங்க. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது."

பாதி பச்சை. அவளுக்கும் கேட்டிருக்கிறது, குழம்பு ஊற்றிக்கொண்டே.

நான் சொன்னது இவ்வளவுதான். அவர் பேசியதைப் பேசிய மாதிரியே, ஒரு வார்த்தை விடாமல், பத்திரத்தில் எழுதச் சொல்லி வக்கீலிடம் கேளுங்கள். விவசாய வேலை என்று மொட்டையாக எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. பதினெட்டு வருஷமாக எல்லோரிடமும் சொல்வதுதான். பத்திரத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் மொழிபெயர்ப்பில் வரும்.

ரகசியம் எதையும் சொல்லவில்லை. திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன். சொல்லவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

அஞ்சலை பத்து மணிக்கே வந்துவிட்டாள். புதுப் பத்திரம். நான்காவது பத்தியில் எல்லாம் இருக்கிறது: வெடிச்சிரும், பச்சை, பெண் ஆள், ரோடு, போலீஸ் சத்தம், களம். வக்கீல், "இதெல்லாம் எதுக்கும்மா கோர்ட்டுக்கு?" என்றாராம். டைப்பிங் மேடம் சொன்னாங்க என்றாளாம். நல்லது. என் பெயரும் வந்தாகிவிட்டது.

அவளை டீக்கடைக்கு அனுப்பிவிட்டு அடித்தேன். அதே சொற்கள். அதே விரல்கள். காய், 'பாட்'. வெடிச்சிரும், 'ஸ்ப்ளிட்', முற்றிய உளுந்துக் காய் வெயிலில் பிளந்து மணி உதிர்வதைக் குறிக்கும் வட்டார வழக்கு என்று அடிக்குறிப்பும் போட்டேன். களம், கதிரடிக்கும் தரை. ஒரு வரி அடிக்குறிப்பு. அதைப் பிப்ரவரியிலேயே போட்டிருக்கலாம்.

ஒரு சோதனைக்கு வாக்கியத்தை என் போனில் மொழிபெயர்க்கப் போட்டுப் பார்த்தேன். அதுவும் எக்ஸ்ப்ளோட் என்றது. பஸ் ஸ்டாண்ட் கடையில் போனைப் பார்த்துத்தான் அடிக்கிறார்கள். அப்படியானால் அவள் கையாலேயே அவள் புருஷனுக்கு எதிராக ஒரு தாள் போயிருக்கும்.

பிறகு முத்திரை. அதில்தான் நின்றேன். வட்டம், நடுவில் கலாவதி, கீழே பதிவு எண். மூடிய உறைக்குள் இருக்கும் தாளிலும் இதே வட்டம். இரண்டும் ஒரே நாளில் ஒரே மேஜைக்குப் போகும். ஒன்றில் வெடிகுண்டு, ஒன்றில் உளுந்து. இரண்டுக்கும் கீழே 'உண்மையான, சரியான மொழிபெயர்ப்பு'.

முத்திரை இல்லாமல் கொடுத்தால் கோர்ட் ஏற்காது. வேறு யாரையாவது முத்திரை போடச் சொல்லலாம், அறிந்தவர் ஒருவர் செஞ்சியில் இருக்கிறார். அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்குள் அஞ்சலை டீ குடித்துவிட்டு வந்து வாசலில் நின்றாள். எனக்கும் ஒரு டீ வாங்கி வந்திருந்தாள்.

போட்டேன். மை கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

மார்ச் 12, வியாழன்

வி.புரம் அலுவலகத்திலிருந்து அழைப்பு, வேறொரு பதிவுக்கு. போனேன். நல்ல வெயில், இனிப் பனி இல்லை. வழியெல்லாம் உளுந்து பழுத்துக் கறுத்து நிற்கிறது. பாதி வழியில் ஒரு வயலில் நாலே பெண்கள். இருபது பேர் நிற்க வேண்டிய இடம்.

இன்ஸ். அறையில் பித்தளை யானை அதே இடத்தில். என் திருத்தமும் அதன் அடியில், ஓரம் சுருண்டு. பார்த்ததை அவரும் பார்த்தார். விசாரணை முடியட்டும் என்றார். ஏழுமலைக்கு உள்ளே ஒரு குறையும் இல்லை, நானே விசாரித்தேன் என்றும் சொன்னார். பொய் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

இன்றைய பதிவை நான்கு முறை கேட்டேன். யாரோ இருவர் கல்யாணப் பத்திரிகை பற்றிப் பேசுகிறார்கள். தலைப்பில் என்னவோ போட்டிருந்தது. அதைக் கையால் மறைத்துக்கொண்டு கேட்டேன். 'தெளிவில்லை' என்று ஓர் இடத்திலும் எழுதவில்லை. நாலு மணி பஸ்ஸை விட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். கேட்டுவிட்டு விசிறியை ஒரு நம்பர் கூட்டினார். பிறகு, "தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க? அவங்க கேட்டாங்களா, நீயா போய் மாட்டிக்கினியா?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. வாயைத் திறந்ததால் கெடவில்லை, திறக்க வேண்டிய இடத்தில் 'தெளிவில்லை' என்று மூடியதால்தான் கெட்டேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை. சாப்பாடு எடுத்து வைக்கச் சொன்னார்.

இரண்டு பக்கமும் கொள்ளி. நடுவில் எறும்பு. ஏழுமலை இருக்கும் இடத்தோடு ஒப்பிட்டால் எறும்புக்கு என்ன கேடு என்றும் தோன்றுகிறது.

மார்ச் 16, திங்கள்

இன்று விசாரணை.

காலையிலிருந்து எல்லாவற்றையும் பிழையாக அடித்தேன். 'இறப்புச் சான்று' என்பதைப் 'பிறப்பு' என்று. அந்த அம்மா சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்று மணிக்கு வக்கீல் நேராகக் கடைக்கே வந்தார். கைப்பையைக்கூட இறக்காமல் உட்கார்ந்தார். அரசுத் தரப்பு உறையைக் கொடுத்ததாம். ஜட்ஜ் அம்மா பிரித்துப் படித்தாராம். படித்துவிட்டு அஞ்சலையின் பத்திரத்தை எடுத்தாராம். இதையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்த்தாராம். "ரெண்டு தாளோட அடியையும் உத்து உத்துப் பாத்தாங்க மேடம். அப்புறம், இந்த மொழிபெயர்ப்பாளர் ஒருத்தரா ரெண்டு பேரான்னு கேட்டாங்க. எங்களுக்கு ஒண்ணும் புரியல. அந்தப் பக்கத்து வக்கீலுக்கு வேர்த்துப் போச்சு."

உத்தரவு: பதிவை வேறொரு மொழிபெயர்ப்பாளர் புதிதாகக் கேட்டு அறிக்கை தர வேண்டும். ஜாமீன் மனு நான்கு வாரம் தள்ளிவைப்பு. அதுவரை ஏழுமலை உள்ளே.

வக்கீல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்தவர். அதனால்தான் கேட்கவில்லை.

அஞ்சலை வெளியிலேயே நின்றாள். நாலு வாரம் என்பதைத் தவிர அவள் காதில் வேறெதுவும் விழவில்லை. நல்லதுதான் நடந்திருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். எப்படிச் சொல்வது? உங்களுக்கு எப்படித் தெரியும் என்பாளே. ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

இன்ஸ்பெக்டர் போன். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம்.

"என்கிட்ட இன்னொரு தடவ வந்து சொல்லியிருக்கலாமேம்மா."

சொன்னேனே, யானைக்கு அடியில் இருக்கிறதே என்றேன். பிறகு, ஜெயபாலின் தம்பி கிடைக்கும் முன்னால் இந்த வழக்கு உடைந்தால், நாளைக்கு ஏதாவது நடந்தால், நீங்களும் நானும் இதே மாதிரி போனில் பேச முடியுமா என்று கேட்டார். முடியாது. தம்பியைத் தேடுங்கள், அவனைப் பிடிக்க ஏழுமலை எதற்கு என்றேன். இனி என்னால் உங்களுக்கு எதுவும் செய்ய முடியாது என்றார். எச்சரிக்கையா, வருத்தமா என்று தெரியவில்லை. தொனியை மொழிபெயர்க்க எனக்கு வராது.

வைத்த பிறகுதான் தோன்றியது, 'தெளிவில்லை'யைப் பற்றி அவரிடம் இப்போதும் சொல்லவில்லை என்று.

புது மொழிபெயர்ப்பாளர் யாராக இருக்கும்? காற்றுச் சத்தம் இருக்கிறது. பச்சை என்றது அவருக்குக் கேட்குமா? களம் என்றால் என்னவென்று தெரிந்தவரா? அவரிடமும் அதே தலைப்புத் தாளைக் கொடுப்பார்களா?

டீக்கடைக்காரர் பலகையைத் திருத்திவிட்டார். இப்போது 'சுவையான' சரி. 'தேணீர்' ஆகிவிட்டது.

மார்ச் 19, வியாழன்

காலை பதினொன்றரை. ஓர் ஏட்டு வந்து நோட்டீஸ் கொடுத்தார். கையெழுத்து வாங்கிக்கொண்டு தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். "பேஜாரா கீது மேடம் இந்த வெயிலு," என்று துடைத்துக்கொண்டே போனார்.

ரகசிய உறுதிமொழியை மீறியதாக விசாரணை. திங்கள் காலை பத்து மணி. கொண்டுவர வேண்டியவை:
– கைபேசி
– கடைக் கணினி
– முத்திரை
– அலுவல் தொடர்பாகக் கையால் எழுதிய குறிப்புகள், நாட்குறிப்பு இருப்பின் அதுவும்.

நாட்குறிப்பு இருப்பின்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் காட்டினேன். படித்துவிட்டு, வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது என்றார். எரித்தால் ஒழிந்தது. நான் எந்த ரகசியத்தையும் எங்கும் எழுதவில்லை என்று சொல்லிவிடலாம். கொண்டுபோனால் மீறலுக்கு அவர்களுக்கு வேறு சாட்சியே வேண்டாம், நானே எழுதிக் கையில் கொடுத்தது மாதிரி. ஆனால் மார்ச் 6-ஆம் தேதிப் பக்கம் இதில்தான் இருக்கிறது. எனக்குக் கேட்டது, கேட்டும் மறைத்தேன் என்பது வேறெங்கும் இல்லை. புதியவருக்குக் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டால், பச்சை என்று ஒரு சொல் அங்கே இருக்கிறது, காதை வைத்துக் கேள் என்று சொல்ல இந்த ஒரு பக்கம்தான். அஞ்சலை சொல்வதை மனைவி சொல் என்று ஒதுக்குவார்கள். என்னை எப்படி ஒதுக்குவார்கள்? அவர்களுக்கு எதிராகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நான் எழுதியிருப்பது எனக்கு எதிராகத்தான்.

பயமாக இருக்கிறது. எழுதிவைக்கிறேன், பயமாகத்தான் இருக்கிறது. அவர் குளித்துவிட்டு வந்துவிட்டார். அடுப்பு அணைந்துவிட்டது. நோட்டு இங்கேதான் இருக்கிறது.

சம்பத் இப்போது போன் செய்தான். ஆள் கடைசிவரை வரவில்லை. "மேக்கால கொல்ல முழுக்க வெடிச்சிருச்சிக்கா. ஒண்ணும் மிஞ்சல."

அவன் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். எழுதிய பிறகுதான் அதில் 'வெடிச்சிருச்சி' என்று இருப்பதைப் பார்த்தேன். திங்கட்கிழமைக்குப் பிறகு இந்த நோட்டை மொழிபெயர்க்க உட்காரப்போகிறவர் யாரோ, எந்த ஊரோ. பேனாவை அழுத்தி ஓரத்தில் எழுதியிருக்கிறேன்: உளுந்து.